பழைய காரின் சஸ்பென்ஷனைக் குறைந்த செலவில் புதுப்பித்தல்: சொகுசான பயணத்தை விரும்புவோருக்கு ஓர் எளிய விளக்கம்

எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஏசி குளிர்கிறது, மைலேஜும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வேகத்தடையைத் தாண்டிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை ஆடி அடங்குகிறது, சிறு பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கத்திலிருந்து ‘தட்’ என்று ஒரு சத்தம் வருகிறது, பின் இருக்கையில் அமரும் பெரியவர்கள் இடுப்பு வலிக்கிறது என்கிறார்கள். இந்த நிலையில் உரிமையாளருக்குப் பொதுவாக இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். நான்கு ஷாக் அப்சர்பரையும் மாற்றிவிட வேண்டும் என்பது ஒன்று. மாற்றுவதே மாற்றுகிறோம், இன்னும் ‘டைட்’ ஆன, விலை கூடிய ஒன்றைப் போட்டுவிடலாம் என்பது மற்றொன்று. முதலாவது பாதி சரி. இரண்டாவது, சொகுசாகப் பயணம் செய்ய விரும்புபவருக்குப் பணத்தையும் வாங்கிக்கொண்டு சொகுசையும் கெடுக்கும் அறிவுரை.

வண்டியை வடிவமைத்த பொறியாளர்கள் நம் தெருக்களுக்காகவே நெடுங்காலம் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் அந்த வண்டியில் ஏற்கெனவே இருக்கின்றன. தேய்ந்துபோனவற்றைக் கண்டுபிடித்து அதே அளவில், அதே தன்மையில் திரும்பப் பொருத்துவதுதான் குறைந்த செலவில் சொகுசை மீட்கும் வழி. எவை தேயும், எவை தேயாது, எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள, வண்டியின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கி அதிர்ச்சியைக் குறைக்கும் சஸ்பென்ஷன் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும்

வண்டியின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுதான். ஷாக் அப்சர்பர் என்ற பெயர் அதிர்ச்சியை அதுவே உறிஞ்சுவதுபோலத் தோன்றச் செய்தாலும், அதன் உண்மையான வேலை அதிர்ச்சியை வாங்கிய ஸ்பிரிங் தொடர்ந்து ஆடாமல் அடக்குவது. தள்ளிவிட்ட ஊஞ்சல் தானாக நிற்க நேரம் எடுப்பதைப் போல, ஷாக் அப்சர்பர் இல்லாத ஸ்பிரிங்கும் ஒரு பள்ளத்துக்குப் பல முறை ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சர்பருக்குள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு வால்வுகளின் வழியாக நெருக்கித் தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் அந்த எண்ணெயில் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. கரடுமுரடான சாலையில் வெகு தூரம் ஓடிய வண்டியின் ஷாக் அப்சர்பரைத் தொட்டுப் பார்த்தால் சுடுவது இதனால்தான்.

சொகுசு என்பதை எண்ணாகவும் சொல்ல முடியும். ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 300 கிலோ எடை இருப்பதாகவும், அந்த ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 18.5 நியூட்டன் விசை தேவைப்படுவதாகவும் வைத்துக்கொண்டால், வண்டியின் அந்த மூலை விநாடிக்குச் சுமார் 1.25 முறை ஆடும். சாதாரணக் குடும்பக் கார்கள் பெரும்பாலும் விநாடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடும் வகையிலேயே அமைக்கப்படுகின்றன. உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்தாக வரும் அதிர்வுகளில் விநாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வுகளுக்கே மிகவும் வருந்துகிறது. வயிறும் முதுகெலும்பும் அந்த வேகத்தில்தான் அதிகம் குலுங்குகின்றன. ஆகவே மெதுவாக ஆடும் மென்மையான ஸ்பிரிங் உடலுக்கு இதமானது. அதைக் கடினமாக்க ஆக்க நாம் உடலுக்கு ஆகாத பக்கமாக நகர்கிறோம்.

ஷாக் அப்சர்பரின் வலிமைக்கும் இதே கணக்கு உண்டு. ஸ்பிரிங் ஒரு முறைகூட எதிர்ப்பக்கம் தாண்டாமல் நின்றுவிடத் தேவையான தணிப்பு எவ்வளவோ, அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சொகுசான கார்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதைவிடக் குறைந்தால் வண்டி மிதக்கும். அதைவிடக் கூடினால் ஒவ்வொரு சிறு கல்லும் இருக்கைக்கு வந்து சேரும். ‘டைட்’ ஆன ஷாக் அப்சர்பரால் வண்டி வளைவில் மெதுவாகச் சாய்ந்து உறுதியாகத் தெரியும் என்பது உண்மை. அந்த உறுதியின் விலையைப் பின் இருக்கையில் இருப்பவர் கொடுக்கிறார்.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. ஷாக் அப்சர்பர் எதிர்கொள்வது வண்டியின் வேகத்தை அல்ல, தன் பிஸ்டன் நகரும் வேகத்தை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி அமைந்த வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் அதைக் கடக்க ஏறத்தாழ அரை விநாடி ஆகிறது. பிஸ்டன் நிதானமாக நகர்ந்து அதைச் சமாளித்துவிடும். ஆனால் பல தெருக்களில் நாம் காண்பது ஓர் அடி அகலத்தில் கொட்டி வைத்த தார் மேடு. அதே வேகத்தில் அதைக் கடக்க ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. பிஸ்டன் மிக வேகமாகத் தள்ளப்பட்டு, சஸ்பென்ஷன் தன் முழு எல்லைவரை அமுங்கி அடிவாங்குகிறது. நம் ஊர்களில் ஷாக் அப்சர்பர்கள் விரைவில் போவதற்குப் பள்ளங்களைப் போலவே இந்த மேடுகளும் காரணம். முறைப்படி அமைந்த வேகத்தடை வண்டியைச் சேதப்படுத்துவதில்லை என்பதை நகராட்சிகள் உணர்ந்தால், மக்கள் ஒர்க்‌ஷாப்பில் செலவழிக்கும் பணத்தில் கணிசமான பகுதி மிச்சமாகும்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றல்ல

ஸ்விஃப்ட், ஐ10 போன்ற பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சனின் பெயரைத் தாங்கிய இந்த அமைப்பு 1950ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தின் கான்சல் காரில் வந்து, பின்னர் உலகம் முழுவதும் சிறிய கார்களின் பொது அமைப்பாகிவிட்டது. இதில் ஷாக் அப்சர்பர் வெறும் தணிப்பான் மட்டுமன்று. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் அதுவே. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கோடு சேர்ந்து முழுத் தூணும் திரும்புகிறது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பக்கவாட்டு விசை அதன் பிஸ்டன் தண்டின் மேல் விழுகிறது. அதனால்தான் ஸ்ட்ரட்டின் தண்டு சாதாரண ஷாக் அப்சர்பரின் தண்டைவிடப் பருமனாக இருக்கும்.

ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில், இரு பின்சக்கரங்களையும் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் டார்ஷன் பீம் அமைப்பு இருக்கிறது. அங்கே ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சர்பர் தனியாகவும் நிற்கின்றன. பின்பக்க ஷாக் அப்சர்பரைக் கழற்ற ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவையில்லை, வேலையும் சீக்கிரம் முடியும், கூலியும் குறைவு.

இதிலிருந்தே செலவைப் பற்றிய முதல் முடிவு வந்துவிடுகிறது. கையிருப்பு குறைவாக இருந்து, இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாவிட்டால், நல்ல தரமான பாகத்துக்கான பணத்தை முன்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். பின்பக்கத்தைச் சில மாதங்கள் கழித்துத் தனியாகச் செய்துகொள்ளலாம். ஆனால் எந்தப் பக்கமானாலும் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு புறம் புதியதும் மறு புறம் தளர்ந்ததுமாக இருந்தால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரங்களும் சாலையை ஒரே அளவில் பற்றிக்கொள்வதில்லை.

உண்மையில் எது தேய்ந்திருக்கிறது?

ஷாக் அப்சர்பர் உற்பத்தியாளர்கள் பலர் 80,000 கிலோமீட்டர் ஓடியதும் அவற்றைச் சோதிக்கவோ மாற்றவோ சொல்கிறார்கள். அது ஒரு பொதுவான அளவுகோல்தான். நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டிக்கு அதைத் தாண்டியும் உழைக்கும். தோண்டிப் போட்ட நகரத் தெருக்களில் ஓடிய வண்டிக்கு அதில் பாதியிலேயே தளர்ந்துவிடலாம்.

பானெட்டின் மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். அடியோடு செத்துப்போன ஷாக் அப்சர்பரை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். பாதி தளர்ந்தது அந்தச் சோதனையில் தேறிவிடும். அதைவிட நம்பகமான அடையாளங்கள் வேறு உண்டு. ஷாக் அப்சர்பரின் உடல் முழுவதும் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருப்பது, டயரின் மேற்பரப்பில் ஓரிடம் தேய்ந்தும் அடுத்த இடம் தேயாமலும் அலையலையாக இருப்பது, பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு அதிகமாகக் கீழே குத்துவது, நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைத் தாண்டியதும் பின்பக்கம் ஒருமுறைக்கு மேல் எழுந்து அமர்வது ஆகியவை அவை. தண்டின் அருகில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தண்டைச் சுற்றி எண்ணெயை அடைத்துப் பிடிக்கும் சீலின் வழியாக அந்த அளவு கசிவது இயல்பு.

‘தட் தட்’ என்ற சத்தத்துக்கோ பெரும்பாலும் ஷாக் அப்சர்பர் காரணமே இல்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது, வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு. சில நூறு ரூபாய் விலையுள்ள, இரு முனைகளிலும் சிறு பந்து இணைப்புகள் கொண்ட அந்தத் தண்டு தளர்ந்தால், மெதுவான வேகத்தில் கரடான சாலையில் போகும்போது தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்கும். அடுத்தது, சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களும் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளைகள்) பால் ஜாயிண்டும் (பந்து இணைப்பு). ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் விட்டுவிட்டு ‘டங்’ என்று துள்ளினால், ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங் இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். ரப்பர் புஷ் வெடித்துவிட்டால் உலோகம் உலோகத்தோடு மோதும். அதிர்வு எங்கும் வடிகட்டப்படாமல் நேராக உள்ளே வரும். வண்டி ‘கட்டை வண்டிபோல’ ஓடுகிறது என்று வருந்தும் பலருக்கு, ஷாக் அப்சர்பரைத் தொடாமல் இந்தச் சிறு பாகங்களை மட்டும் மாற்றினாலே மனநிறைவு கிடைத்துவிடும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் இலவசமாகச் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. டயரின் காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடாதபோது, ஓட்டுநரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோல் பங்குகளில் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவாக அடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அளவுக்கு மேல் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடினாலே சிறு குலுக்கல்கள் வெளிப்படையாக அதிகமாகும்.

டயரைப் பற்றிப் பேசும்போதே அழகுக்காகப் போடும் பெரிய அலாய் வீலையும் சொல்லிவிட வேண்டும். 2011இல் வந்த ஸ்விஃப்ட்டின் கீழ்நிலை வகைகளில் 165/80 ஆர்14 டயர் இருந்தது. அதன் பக்கச்சுவரின் உயரம் 132 மி.மீ. மேல்நிலை வகையில் இருந்த 185/65 ஆர்15 டயரில் அது 120 மி.மீ. ஆசைக்காக 195/55 ஆர்16 போட்டால் 107 மி.மீ. ஆகிறது, 205/45 ஆர்17 போட்டால் 92 மி.மீ.தான் மிஞ்சும். இந்த நான்கு அளவு டயர்களின் முழு விட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் அதிர்ச்சியை முதலில் வாங்கும் காற்று மெத்தை நான்கு சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறது. பெரிய சக்கரங்களைப் போட்டுவிட்டு மென்மையான ஷாக் அப்சர்பரைத் தேடுபவர், இழந்ததை வேறிடத்தில் தேடுகிறார்.

எந்த வகை ஷாக் அப்சர்பர்?

கடையில் கேட்கும் பெயர்கள் இரண்டு: ஆயில் ஷாக், கேஸ் ஷாக். கேஸ் ஷாக்கிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது என்பதால் இந்தப் பிரிவு குழப்பம் தருகிறது. உள் அமைப்பைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்டது ட்வின் டியூப். உள்குழாயில் பிஸ்டன் ஓடுகிறது. தண்டு உள்ளே நுழையும்போது இடம்பெயரும் எண்ணெய், அடியில் உள்ள வால்வு வழியாக வெளிக்குழாய்க்குப் போகிறது. வெளிக்குழாயின் மேற்பகுதியில் வெறும் காற்று இருந்தால் அது ஆயில் ஷாக். அங்கே சில பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருந்தால் அதையே கேஸ் ஷாக் என்கிறார்கள். அந்த அழுத்தம், தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் நுரைத்துப்போகாமல் காக்கிறது. நுரைத்த எண்ணெய் வால்வுகளில் எதிர்ப்புக் காட்டாமல் நழுவிவிடும். நீண்ட கரடான சாலையில் பழைய ஆயில் ஷாக் கொஞ்ச நேரத்தில் ‘விட்டுவிடுவது’ இப்படித்தான்.

மோனோ டியூப் என்பது ஒரே குழாய். அதன் ஒரு முனையில், மிதக்கும் ஒரு தடுப்பின் பின்னால், 20 முதல் 30 பார் வரையிலான அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். மலைப்பாதையில் வேகமாக ஓட்டுபவருக்கு நல்லது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் சீல் தண்டை இறுகப் பிடித்துக்கொள்வதால், மிகச் சிறிய குலுக்கல்களில் சற்று விறைப்பாகத் தெரியும். 11 மி.மீ. தண்டில் 25 பார் அழுத்தம் இருந்தால், அந்தத் தண்டை மட்டும் வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமம். பின்பக்கம் இலேசான காரில் அது வண்டியைச் சற்றுத் தூக்கியும் நிறுத்தும். விலையும் அதிகம்.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும், விடுமுறையில் சொந்த ஊருக்கும் ஓடும் குடும்பக் காருக்கு, நைட்ரஜன் அடைத்த ட்வின் டியூப் ஷாக் அப்சர்பரே போதுமானது, பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எந்த வகை இருந்ததோ அதே வகையைக் கேட்டு வாங்கினால் தவறு நேராது.

அடுத்தது யாருடைய தயாரிப்பு என்பது. கார் நிறுவனங்கள் ஷாக் அப்சர்பரைப் பொதுவாகத் தாமே செய்வதில்லை. அதற்கென்றே இருக்கும் நிறுவனங்களிடமிருந்து வாங்குகின்றன. 1961இல் தொடங்கப்பட்டு, ஓசூரிலும் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல் இந்தியா அவற்றில் ஒன்று. கார் நிறுவனங்களுக்கும் வழங்குகிறது, தன் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கிறது. ஜப்பானின் கேஒய்பி, அமெரிக்காவில் பிறந்த மன்றோ, ஜெர்மனியின் சாக்ஸ் ஆகியவையும் இவ்வாறே இரண்டு சந்தைகளிலும் இருப்பவை. இத்தகைய நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வரும் பாகம், கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும். உங்கள் வண்டிக்கென்று அவர்கள் பட்டியலிட்ட பாகம் கிடைத்தால், குறைந்த விலையில் நல்ல தரம் கிடைக்கும் இடம் இதுதான். இரண்டு பெட்டிகளின் விலையையும் கேட்டு ஒப்பிடத் தயங்க வேண்டாம். சில மாடல்களுக்குக் கார் நிறுவனத்தின் சொந்தப் பாகமே எதிர்பாராத அளவுக்கு மலிவாக இருப்பதும் உண்டு.

வாங்கும்போது வண்டியின் சேசிஸ் எண், தயாரிப்பு ஆண்டு, பெட்ரோலா டீசலா என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சின் கனமானது என்பதால், அந்த வகைகளின் முன்பக்க ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் வேறாக இருக்கும். டீசலுக்கானதைப் பெட்ரோல் வண்டியில் போட்டால் மூக்கு உயர்ந்து விறைப்பாக ஓடும். பொருந்துகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

பழைய பாகங்களுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே கதவும் விளக்கும் கண்ணாடியும் வாங்கிப் பலர் நிறையச் சேமித்திருக்கிறார்கள், அந்தத் தொழிலாளர்களின் திறமையும் மதிக்கத்தக்கது. எனினும் பயன்படுத்திய ஷாக் அப்சர்பரை மட்டும் எங்கும் வாங்க வேண்டாம். உள்ளே உள்ள வால்வும் சீலும் எவ்வளவு தேய்ந்தன என்பதை வெளியிலிருந்து எவராலும் பார்க்க முடியாது. எண்ணெயை மாற்றி, சாயம் பூசி, ‘ரீகண்டிஷன்’ செய்தது என்று விற்கப்படுபவையும் அப்படியே. அதே வகை வண்டியிலிருந்து கழற்றிய, துரு ஏறாத காயில் ஸ்பிரிங் கிடைத்தால் அதை வாங்கலாம்; எஃகுச் சுருளில் மறைந்து தேய ஒன்றுமில்லை.

தொடாமல் விட வேண்டியவை

ஸ்பிரிங் எளிதில் கெடுவதில்லை. சக்கரத்தின் மையத்திலிருந்து அதன் மேலுள்ள ஃபெண்டரின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒத்திருந்து, சுருளின் கடைசி வளையம் துருவால் உடையாமல் இருந்தால், பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடலாம். கடலோர ஊர்களில் அந்தக் கடைசி வளையத்தை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் சாயம் உரிந்த இடத்தில் தொடங்கும் துரு, ஒரு நாள் நின்றிருக்கும்போதே ஸ்பிரிங்கை முறித்துவிடும்.

வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டுவது ஆபத்தானது. வளையங்கள் குறைந்தால் மிஞ்சிய சுருள் கடினமாகிறது, அமுங்குவதற்கான இடமும் குறைகிறது, முழுதாகத் தொங்கும் நிலையில் தான் பொருந்தியிருக்கும் தட்டிலிருந்து அது நழுவவும் கூடும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றிக்கொள்ளும் மலிவான காயில்ஓவர்கள் பார்வைக்கு அழகாக இருந்தாலும் சொகுசுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஸ்பிரிங்கின் வளையங்களுக்கிடையே செருகும் ரப்பர் பஃபர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி தரைதட்டாது என்று சொல்லி அவை நம் ஊரில் ஏராளமாக விற்கப்படுகின்றன. அவை வண்டியை உயர்த்துவது உண்மைதான். ஆனால் ஒரு வளையத்தை இயங்கவிடாமல் பூட்டுவதால்தான் உயர்த்துகின்றன. ஸ்பிரிங் கடினமாகி, ஷாக் அப்சர்பர் அடக்கும்படி அமைக்கப்பட்ட அளவைத் தாண்டிவிடுகிறது. ரப்பர் புஷ்களுக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்வதும் பந்தயத்துக்கு ஏற்ற யோசனை. நீண்ட நாள் உழைத்தாலும் அதிர்வை நன்றாகவே உள்ளே கடத்தும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது அதோடு நான்கு சிறு பாகங்கள் வெளியே வருகின்றன: மேலே வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர் மவுண்ட், அதன் பேரிங், தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப், தண்டை மூடும் டஸ்ட் கவர். நம் சந்தையில் ஸ்ட்ரட் பெரும்பாலும் தனியாகவே விற்கப்படுவதால், பழைய ஸ்ட்ரட்டிலிருந்த இந்த நான்கையும் அப்படியே புதிய ஸ்ட்ரட்டில் மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. புதிய ஷாக் அப்சர்பர் போட்டும் ஓராண்டில் மீண்டும் கசிகிறதே என்று வருந்துபவர்களின் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

பம்ப் ஸ்டாப் என்பது நுண்துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் நுரையால் ஆனது. சஸ்பென்ஷன் எல்லைவரை அமுங்கும்போது மெதுவாக நெரிந்து கடைசி அடியைத் தாங்குவது அது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரத்திலும் வெயிலிலும் பொடிந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அது இல்லாவிட்டால், முன்பு சொன்ன தார் மேட்டில் ஸ்ட்ரட்டின் உள்ளே உலோகம் உலோகத்தை மோதும். டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் மழைச் சேறும் மணலும் தண்டின் குரோம் பூச்சில் ஒட்டி, ஒவ்வோர் அசைவிலும் சீலை அறுக்கும். புதிய ஸ்ட்ரட் எவ்வளவு உயர்ந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இந்த இரண்டும் அதைக் கொன்றுவிடும். மவுண்டின் ரப்பர் இறுகியிருந்தால், ஷாக் அப்சர்பரின் மேல் பகுதி நேராக உடலைத் தட்டும். நான்கையும் சேர்த்தாலும் ஒரு ஸ்ட்ரட்டின் விலையைவிடக் குறைவாகவே வரும். கூலியை ஒருமுறைதான் கொடுக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்து எண்ணினால், விலை கூடிய ஸ்ட்ரட்டும் பழைய மவுண்டும் போடுவதைவிட, நடுத்தர விலையில் நல்ல ஸ்ட்ரட்டும் புதிய சிறு பாகங்களும் போடுவதே புத்திசாலித்தனம்.

பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியவை

ட்வின் டியூப் ஷாக் அப்சர்பர் கடையிலும் ஏற்றிவந்த வண்டியிலும் படுத்தவாறு கிடந்திருந்தால் உள்குழாயில் காற்றுக் குமிழ் புகுந்திருக்கும். பொருத்தும் முன் நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுத்துவிட வேண்டும். தண்டைப் பிளையரால் பிடித்தபடி நட்டை முறுக்குவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். குரோமில் விழும் ஒரு கீறல் போதும், சீல் கிழியத் தொடங்கும். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி நல்ல நிலையில் இருக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங்கில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஆற்றல் அடைபட்டிருக்கிறது, ஆகவே இந்த வேலையை வீட்டு வாசலில் கம்பியைக் கட்டிச் செய்து பார்க்கக் கூடாது.

பல நல்ல மெக்கானிக்குகள்கூட விட்டுவிடும் ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். ரப்பர் தன் உலோக உறையோடு ஒட்டியிருப்பதால், சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். சவாரி விறைப்பாகும், புஷ்ஷும் சில மாதங்களில் கிழியும். இதற்கு எந்தச் செலவும் இல்லை, பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டால் போதும். முன்பக்க ஸ்ட்ரட் கழன்று சேர்ந்த பிறகு வீல் அலைன்மெண்ட் கட்டாயம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மிச்சப்படுத்திய பணம் டயரில் தேயும்.

வேலை முடிந்த அன்று வண்டி முன்பைவிடச் சற்று விறைப்பாகத் தோன்றலாம். தளர்ந்த ஷாக் அப்சர்பரின் மிதப்புக்கு உடல் பழகியிருப்பதும், புதிய சீல்கள் இன்னும் இறுக்கமாக இருப்பதும் அதற்குக் காரணம். சில நூறு கிலோமீட்டரில் இயல்பாகிவிடும். வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே தெருவில், ஒரே காற்றழுத்தத்தில், அதே ஆட்களோடு, மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். முடிந்தால் பின் இருக்கையிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வண்டியைத் தூக்கி, நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, சீலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாக எண் எழுதப்பட்ட பில்லையும் வாரண்டி அட்டையையும் வண்டியின் மற்ற ஆவணங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.